கடைசித் தெரு

“நாலு தெருவுக்கும் கடல் தடுப்புச்சுவர்னு எழுதினா நிதி கிடைக்காது. ஒரு தெருவை விட்டாத்தான் நம்ம திட்டம் தேறும். எதை விடலாம்?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் திட்டம் தயாரிக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்த அதிகாரிகள் திருவொற்றியூர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் போடும் இந்தத் திட்டம்தான் அப்படியே நிதிக்காக அரசுக்குப் போகப்போகிறது.

“கடைசித் தெரு சார்,” என்றாள் உதவிப் பொறியாளர் கார்குழலி. “அங்கதான் வீடு கம்மி.”

“என்ன மேடம், இவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க?” பக்கத்தில் இருந்த தௌசீஃப் கொதித்துப் போனார். “நாளைக்கு அந்த ஜனங்க முகத்துல எப்படி முழிப்பீங்க?”

அவள் எழுந்து போய் வரைபடத்தில் அந்தத் தெருவை அடித்தாள். திட்டம் தேறியது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் மேசையில் யாரும் வந்து உட்காரவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா டிவியை நிறுத்தினார்.

“இன்னா குழலி, சுவரு வருதா?”

“வருது நைனா. மூணு தெருவுக்கு.”

“நம்ம தெருவுக்கு?”

“இல்ல.”

“எவன் அவன், நம்ம தெருவ வுட்டவன்?”

“நான்தான்.”

அப்பா திகைத்துப் போய் அவளைப் பார்த்தார்.

“ஒண்ண எடுத்தே ஆவணும்னுட்டாங்க. வேற யாரு வூட்ட நைனா நான் கை காட்டுவேன்?”

அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு, தட்டோடு வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு இரண்டாவது முறையாக அவள் தனியாகச் சாப்பிட்டாள்.