மெலிசாக வரப்போகிறவர்

புது லேப்டாப்பைப் பற்றிய பேச்சென்றால் பென்டிரைவுக்குச் சாப்பாடே வேண்டாம். மேசைக்குச் சொந்தக்காரி பூங்கோதை யூடியூபில் கேட்கும் வதந்தியெல்லாம் அதற்கு மனப்பாடம்.

"அண்ணே, வரப்போறவரு அப்பளம் மாதிரி மெலிசாம். உள்ள விசிறியே கிடையாதாம். உங்கள மாதிரி பொழுதுக்கும் இரைக்க மாட்டாராம்" என்றது பழைய லேப்டாப்பிடம்.

"அவ்வளவு மெலிசா எப்படிடா ஆனாராம்?"

"வேண்டாத ஓட்டையெல்லாம் அடைச்சுட்டாங்களாம்ணே. பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதானாம், அதுவும் சின்னதா, சார்ஜருக்கு..."

சொல்லிக்கொண்டே வந்த பென்டிரைவின் குரல் இறங்கியது.

"அப்ப நான் எங்கண்ணே போறது?"

பழைய லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டிருந்தது.

பூங்கோதை வந்தாள். பென்டிரைவை எடுத்து வழக்கம்போல் முதலில் தலைகீழாகச் செருகிப் பார்த்தாள். போகவில்லை என்றதும் திருப்பிச் செருகினாள். இத்தனை நாளும் அந்தத் தடுமாற்றத்துக்குச் சிரிக்கும் பென்டிரைவ் இன்று சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, இந்த இரைப்புக்கு ஏதாவது வைத்தியம் பாக்கக் கூடாதா?"