அஞ்சாம் நம்பர்

"கிடையாது. அஞ்சாம் நம்பர் பூட்ஸ் நேத்தும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. நாளைக்கு வந்து நின்னாலும் கிடையாது!"

ஸ்டோர்க்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விரித்தார். கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயரே 'கிடையாது அண்ணன்'. ஆணி கேட்டாலும் அதே பதில், கையுறை கேட்டாலும் அதே பதில். தப்பித்தவறி இருந்துவிட்டால், "அதோ அந்த அலமாரி, நீங்களே எடுத்துக்கோங்க" என்பார். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்படி ஒரு சோம்பேறித்தனம்!

எதிரே நின்ற பெண் இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காலில் எட்டாம் நம்பர். ஸ்டோரில் இருப்பதிலேயே சின்னது அதுதான்.

"அண்ணே, நேத்து சாரத்துல ஏறும்போது ஒரு பூட்ஸ் கழண்டு ஆறாவது மாடியிலேர்ந்து கீழ விழுந்துச்சு. அதுக்குப் பதிலா நான் விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழலைதான்! ஆனா காலுக்குச் சரியான பூட்ஸ் இல்லாம இனிமே மேல ஏறக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பன்னெண்டாம் தேதி மேல்தளத்துக்கு கான்கிரீட் போடறோம். அஸ்திவாரத்துலேர்ந்து ஒவ்வொரு தளமா நின்னு பார்த்தவ நான். கடைசித் தளத்துக்கு வேற ஒருத்தன் வருவானாம். நான் ஆபீஸ்ல உட்கார்ந்து ஃபைல் அடுக்கணுமாம்!"

"ஏம்மா, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கக் கூடாதா?"

"மூணு போட்டாச்சு."

"அப்போ பஞ்சு வைங்க. வேணாம் வேணாம், பஞ்சு வியர்வையில ஊறிடும். பழைய பனியனைக் கிழிச்சு விரலுக்கு முன்னாடி திணிச்சு, குதிகால்ல அட்டையை மடிச்சு வச்சா அப்படியே நிக்கும்."

யோசனை மட்டும் ஸ்டோரில் எப்போதும் இருப்பு இருக்கிறது என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"பூட்ஸ் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பதினோரு வருஷமா எழுதறேன்! அஞ்சாம் நம்பர்னா இருபது ஜோடிக்குக் குறைஞ்சு செய்ய மாட்டானாம். இங்க பொம்பளை இன்ஜினியர் நீங்க ஒருத்தர்தான். மீதியை நான் மாலையாக் கட்டிப் போட்டுக்கவா?"

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது. பெண் பொறியாளர் சங்கத்தின் செயலாளர் அகப்பட்டாள். தோழி நச்சரித்ததால் இரண்டு வருடத்துக்கு முன்னால் சேர்ந்த சங்கம். ஒரு கூட்டத்துக்குக்கூட அவள் போனதில்லை.

"மேடம், நம்ம சங்கத்துல டீ குடிச்சு, கை தட்டி, போட்டோ எடுக்கறதைத் தவிர வேற ஏதாவது நடக்குமா?" என்று போனில் ஆரம்பித்து, மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

மறுமுனையில் செயலாளர் குறுக்கிட்டாள்.

"உனக்கு என்ன நம்பர்னு சொன்னே?"

"அஞ்சு."

"எனக்கும் அஞ்சுதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல ஏழு வருஷமா எட்டாம் நம்பர்ல தொபக்கு தொபக்குன்னு நடந்துக்கிட்டிருக்கேன். போனை வை, எல்லார்கிட்டயும் கேட்கறேன்."

மூன்றாம் நாள் இன்ஜினியர் ஒரு தாளோடு ஸ்டோருக்குள் நுழைந்தாள்.

"பாருங்க அண்ணே. பாலம் கட்டற இடத்துல நாலு பேர், மின்நிலையத்துல ஆறு பேர், துறைமுகத்துல மூணு பேர்... எல்லாருக்கும் அஞ்சாம் நம்பர். சங்கத்தோட பேர்ல ஒரே ஆர்டர். அவங்கவங்க ஸ்டோர்ல முத்திரை வாங்கியாச்சு, உங்க முத்திரைதான் பாக்கி. இன்னிக்கு அனுப்பினாத்தான் பன்னெண்டாம் தேதிக்குள்ள வரும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை வைத்து எண்ணினார்.

"பத்தொம்பதுதானே இருக்கு?"

"தெரியும். சங்கத்துல ஒருத்தர் பாக்கியில்லாம கேட்டாச்சு. மத்தவங்களுக்கெல்லாம் நாலாம் நம்பர், இல்லேன்னா ஆறாம் நம்பர். எனக்கே ரெண்டு ஜோடின்னு எழுதி முத்திரை குத்துங்க."

"கிடையாது. ஆளுக்கு ஒரு ஜோடிதான். ரூல்."

"ரூலாவது மண்ணாவது! ஒரே ஒரு ஜோடிண்ணே! அதுக்காக ஒன்பது மாடி வேலையை இன்னொருத்தன்கிட்டத் தூக்கிக் கொடுக்கணுமா? உங்களுக்கென்ன, நாற்காலியில சாஞ்சுக்கிட்டுக் கிடையாது கிடையாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. இந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் நடந்து பார்த்தாத்தான் தெரியும்!"

சொல்லிவிட்டு, இவர் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் பேனாவை எடுத்து இருபதாவது வரியில் ஒரு பெயரை எழுதினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"யாரண்ணே அது?"

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, தன் காலிலிருந்த எட்டாம் நம்பர் பூட்ஸ் ஒன்றைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். பழைய பனியன் துணி ஒரு சுருளும், மடித்த அட்டைத் துண்டும் வந்து விழுந்தன.

"பதினோரு வருஷமாச்சும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "உங்க சங்கத்துல ஆம்பளைக்கு இடம் கிடையாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."