சென்னியப்பனின் ஷிப்டு

பஞ்சாலையில் பகல் ஷிப்டு, அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வேலை பார்த்த காலம் முழுக்க, சென்னியப்பன் ஒருநாளும் சங்கு ஊதிய பிறகு கேட்டுக்குள் நுழைந்ததில்லை. ஓய்வுபெற்று, கண்ணழுத்த நோய் இரண்டு கண்களின் ஒளியையும் அடியோடு பறித்த பிறகுதான் அவருடைய தூக்கம் நகரத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றுத் தாமதமாக விழித்தார். வெளிச்சம் கண்வழியாகப் போய்த்தான் உடம்புக்குப் பொழுதைச் சொல்கிறது, இனி அது சொல்லாது என்று சொல்லி டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார்.

"மில்லுலயே என்னைய யாரும் எழுப்புனதில்ல. இப்ப மாத்திரை வந்து தூங்க வெக்கோணுமா?" என்று சென்னியப்பன் அதைத் தொடவே இல்லை.

"மத்தியானமாயிருச்சுங்கப்பா. இப்பத்தான் பல்லு வெளக்கறீங்க" என்று மகள் சுகந்தி கலங்கினாள்.

"எனக்கு இப்பத்தான் சங்கு ஊதியிருக்குது அம்மிணி. இட்லி எடுத்து வை."

சவரம் செய்து, தலைவாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டுதான் தட்டின் முன் உட்கார்ந்தார்.

வாரங்கள் போயின. அவருடைய காலை, மாலைக்கு நகர்ந்து, இரவையும் தாண்டியது. ஒருநாள் விடியலில் சுகந்தி வாசல் தெளிக்க வந்தபோது, அவர் மழித்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா! இன்னைக்குச் சரியான நேரத்துக்கு எந்திரிச்சுட்டீங்களே!"

இளவெயில் கன்னத்தில் பட்டது. தாமதமாக வந்த தொழிலாளியைப் பார்ப்பதுபோல அவர் சூரியன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் என்னைக்கும் சரியாத்தான் அம்மிணி எந்திரிக்கறன். இன்னைக்குத்தான் இவன் நேரத்துக்கு வந்திருக்கறான்."