அடுப்பைப் பார்க்கப் போனவர்

"எந்த டீம், தம்பி?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெண்ணின் அப்பா ராய்ஸ் டாலிவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பேர், வேலை, சம்பளம் எல்லாம் அமெரிக்கத் தெற்கில், எங்கள் அலபாமாவில், அப்புறம்.

"சிவப்பு டீம்தான் சார். வடக்கே மிச்சிகன்ல பொறந்தாலும் மனசு எப்பவும் தெற்குதான்" என்றான் கெரிட்.

பச்சைப் பொய். பயல் விவரம் தெரிந்த நாளிலிருந்து வடக்கத்தி நீல டீமின் வெறியன். ஆனால் பெண் கேட்டு வந்தவன் வேறென்ன சொல்லுவான்? ராய்ஸின் மகளான காதலி அனாலீ, வரும்போது காரிலேயே எச்சரித்திருந்தாள்.

"நீ எந்த சர்ச்சுக்குப் போனாலும் எங்க வீட்ல கவலையில்ல. நீல டீம்னு தெரிஞ்சா மட்டும் கல்யாணம் நடக்காது. அக்காவைப் பார்க்க வந்த ஒருத்தனை அம்மா பாதிச் சாப்பாட்டுல எழுப்பி அனுப்பிட்டாங்க."

ராய்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். தோளில் கை போட்டு, அந்தப் புதுச் சிவப்புச் சட்டையோடு சேர்த்துப் பின்கழுத்தை வெடுக்கென்று ஒரு பிடி பிடித்தார். கெரிட்டுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"உள்ள வா. மேட்ச் ஆரம்பிக்கப் போவுது."

புத்தாண்டு மதியம். டி.வி.யில் சிவப்புக்கும் நீலத்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பால். ராய்ஸின் மனைவி வெர்லீன், நகப்பூச்சு வரை சிவப்பாக, தட்டு நிறையக் காராமணிச் சோற்றை வைத்து அவனை உபசரித்தாள். பல வருடங்கள் தெற்கை விட்டு நகராத கோப்பையை, இப்போது சில வருடங்களாக வடக்கத்தியார் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் சாவு வீட்டில் சிரித்தவனைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

"வாசல்ல பனி தள்ளுற பசங்களுக்குப் பந்து எதுக்கு?" என்றாள் வெர்லீன்.

"அதானே!" என்றான் கெரிட். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஆரம்பித்த சற்று நேரத்திலேயே நீல டீம் பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச் டவுன் போட்டது. கெரிட் உதட்டைக் கடித்துக்கொண்டான். ராய்ஸ் விருட்டென்று எழுந்தார்.

"அடுப்பைப் பார்த்துட்டு வரேன்."

கொல்லைப்புறத்துப் புகையடுப்பில் பன்றி இறைச்சி காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவரின் கண்கள் கலங்கியிருந்தன. "புகை" என்றார்.

நீல டீம் இன்னொன்று போட்டது. மறுபடியும் அடுப்பு. மூன்றாவது முறை போய் வந்தபோது குரலே கம்மிவிட்டது. மனுஷன் இப்படி உடைந்து போகிறாரே, இவரை ஏமாற்றுகிறோமே என்று கெரிட்டுக்குப் பாவமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? சும்மா சும்மா மூடியைத் திறந்தா கறி எப்படி வேகும்? இத்தனை வருஷமா அடுப்புல நிக்கிறவருக்கு நான் சொல்லணுமா?" என்று வெர்லீன் எரிந்து விழுந்தாள்.

கடைசி நிமிடம். சிவப்பு டீம் இரண்டு புள்ளி முன்னால். வடக்கத்திப் பையன் ஓங்கி உதைத்த பந்து, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. மூன்று புள்ளி. முடிந்தது கதை.

வெர்லீன் டி.வி.யை அணைத்து, ரிமோட்டை விட்டெறிந்தாள். ராய்ஸ் தலையைக் குனிந்தபடி கொல்லைப்பக்கம் போனார்.

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிடப் போவுது. போய் ஆறுதல் சொல்லு. உன் மேல ஒரு பிரியம் வரும்" என்று அனாலீ அவனைத் தள்ளிவிட்டாள்.

அடுப்புக்குப் பின்னால், கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி ராய்ஸ் நின்றிருந்தார். முகத்தைத் தொப்பி மூடியிருந்தது. உடம்பு குலுங்கியது.

"விடுங்க சார். அடுத்த வருஷம் நாம ஜெயிப்போம்" என்று தோளைத் தொட்டான் கெரிட்.

திரும்பினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ஆனால், அடுப்புத் துணியை வாயில் திணித்துக்கொண்டு மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்! சிவப்பு ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெளுத்துப்போன நீலச் சட்டை எட்டிப் பார்த்தது.

துணியை உருவினார். "எங்கப்பா உங்க மிச்சிகன்ல, டெட்ராய்ட் கார் ஃபேக்டரில இருந்தாரு. பத்து வயசு வரைக்கும் அவர் தோள்ல உக்காந்து பார்த்த டீம்டா இது! என் மாமனாரும் இதே வாசல்ல இதே கேள்வியைத்தான் கேட்டாரு. நானும் உன்னை மாதிரியே ஒரு புளுகு புளுகினேன். முப்பத்தோரு வருஷமா அடுப்பைப் பார்த்துட்டிருக்கேன்."

ராய்ஸ் பாக்கெட்டில் கை விட்டு எடுத்து உள்ளங்கையை விரித்தார். கடை விலைச்சீட்டு ஒன்று கசங்கிக் கிடந்தது.

"பொய் சொல்ல வர்றவன் சட்டையில விலைச்சீட்டைத் தொங்கவிட்டுட்டா வருவான்? வெர்லீன் பார்க்கறதுக்குள்ள வாசல்லயே பிச்செடுத்தேன், பொழச்சே!"

"அப்ப... அனாலீயை..."

"கட்டிக்கோ. அடுப்பைப் பார்க்க எனக்கும் ஒரு துணை வேணாமா?"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குதித்தார்கள். அப்போது கொல்லைக் கதவு கிறீச்சென்றது.

ராய்ஸ் அவசரமாக ஸ்வெட்டரை இழுத்துவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அத்தை வர்றா... அழு மாப்ளே, அழு!"