கருவாயனின் காவல்

அரிசி மண்டிக்குக் காவல் கருவாயன் என்கிற நாய். அவன் பெண்டாட்டி செவலை நாலு குட்டி போட்டிருக்கிறாள் என்று பூனை வந்து சொன்னது.

"ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாய்யா."

"நல்லா இருக்கே! நான் நகர்ந்தா மண்டி என்னாகிறது?"

"அதான் உன் தலை தண்டிக்குப் பூட்டுத் தொங்குதேய்யா!"

"பூட்டு குரைக்குமா?" என்று எகிறினான் கருவாயன்.

மூணு மாசம் போனது. மண்டிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கல்லெறிந்து துரத்தியபோதுதான் அவனுக்குக் குடும்ப ஞாபகமே வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். நாலு குட்டிகளும் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தன.

"டேய், நான் உங்கப்பன்டா!"

குட்டிகள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தன. செவலை படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.

"கடிச்சு வைக்காதீங்க பிள்ளைகளா, அவரு மண்டி ஆளு. வழி தப்பி வந்திருப்பாரு."