ராணிக்குக் காய்ச்சல்

கடலோரக் கோட்டையைச் சுற்றிக்காட்டும் தொபியாஸ் முப்பது வருஷமாக அளந்த அளப்பில், அந்த மதில் பனைமர உயரத்திலிருந்து மேகத்தைத் தொடும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா, காலையில் வரும் கூட்டத்துக்கு நூறு கப்பலைக் கவிழ்ப்பார். மாலைக் கூட்டத்துக்கு ஆயிரம். எதிரிகள் கக்கிய கடல்தண்ணீரைக் காய்ச்சியே ஊர் ஒரு வருஷம் உப்புத் தின்றதாம். ராணிக்கு மட்டும் ஒரு பேர் வைக்கத் தொபியாஸுக்குத் தோன்றியதே இல்லை. மனைவி பிரகாசி இறந்த பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பியவர், மேல்மாடத்து ஜன்னலைக் காட்டி, "இங்க உக்காந்துதான் ராணி பிரகாசி கடலப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண்.

தொபியாஸ் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்த ரெஜிஸ் உதவிக்கு வந்தான். "ராஜா செத்துட்டார்னு நெனச்சு இந்த ஜன்னல்ல இருந்தே குதிச்சுட்டாங்கம்மா. என்ன அண்ணாச்சி, இதப் போயி விட்டுட்டீயளே!"

"வாய மூடுல! அவ குதிக்கல. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்."

கூட்டம் சப்பென்று ஆகிவிட்டது. அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "ராஜா பக்கத்துல இல்லையா?"

தொபியாஸ் ஜன்னல் கல்லைத் தடவினார். "இல்லம்மா. மூணு தடவ ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. கோட்டையப் பாக்க வந்தவங்ககிட்டத் தன்னோட வீரத்தச் சொல்லிக்கிட்டு இங்கயே நின்னுட்டாரு."