கீழ்நோக்கிய அம்பு

"போனை அங்கால வை" என்று மம்மி கண்ணாலேயே சொன்னாள்.

றஷ்மி வைக்கவில்லை. சேலைத் தலைப்புக்கு அடியில் திருப்பிப் பார்த்தாள். இரத்தத்தில் சீனி எண்பத்தெட்டு. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு. பற்றரி நாலு வீதம்.

பெண் பார்க்க வந்தவர்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் சின்ன ஹோலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மெல்ரோய், வெள்ளவத்தை. பக்கத்தில் அவன் தாய் டெல்ஃபின்.

"பிள்ளைக்குப் போனை விட மனமில்ல போல," என்று டெல்ஃபின் சிரித்தாள்.

"ஒபிஸ் வேலை, அன்ரி."

"ஞாயிற்றுக்கிழமையிலயுமா?"

டடி இருமினார். மம்மி அவசரமாகக் கேக் தட்டை நீட்டினாள்.

ஒபிஸ் வேலை ஒன்றும் இல்லை. நீளக்கை பிளவுசுக்குள், றஷ்மியின் மேற்கையில், அஞ்சு ரூபாய்க் காசு அளவில் ஒரு சென்சர் ஒட்டியிருந்தது. அது சீனியை அளந்து அளந்து போனுக்கு அனுப்பும். கேட்டுக் கேட்டே போன் பற்றரியைத் தின்றுவிடும். தைரோயிட் மருந்தை டொக்டர் மாற்றியதிலிருந்து சீனி ஒரு நிலையில் நிற்பதில்லை. அலாரம் அடிக்க அடிக்க, இவள் எடுத்துப் பார்க்கப் பார்க்க, மத்தியானத்துக்கு முன்பே போன் சார்ஜர் கேட்கும்.

சார்ஜர் பக்கத்து வீட்டு பிரிஜ்ஜுக்குள் இருந்தது.

நோய் வருத்தத்தின் அடையாளம் ஒன்றும் வீட்டில் இருக்கக் கூடாது என்று காலையில் மம்மி இன்சுலின், ஊசி, விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டுபோய் ஸும்றா வீட்டில் கொடுத்தாள். மெஷினோடு கிடந்த சார்ஜரும் சேர்ந்து போய்விட்டது. ஸும்றாவோ வீட்டைப் பூட்டிக்கொண்டு தெமட்டகொடைக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டாள். டடியின் சார்ஜர் இந்தப் போனுக்குப் பொருந்தாது.

"கட்டின பிறகு தெரிய வந்தா, மம்மி?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

"கட்டின பிறகு அது அவையின்ட பிரச்சினை."

எண்பத்தொன்று. இரண்டு வீதம்.

"அன்ரி, உங்களில ஆரிட்டயும் சார்ஜர் இருக்கா?"

"என்னட்ட..." என்று மெல்ரோய் வாயெடுத்தான்.

"எங்க இருக்கு? ஒருத்தரும் கொண்டுவரேல்ல," என்று டெல்ஃபின் மறித்தாள். "கொஞ்ச நேரம் போன் இல்லாம மனுசரோட கதைச்சா என்ன, மகள்?"

றஷ்மியின் கை நடுங்கத் தொடங்கியது. பயத்துக்கும் இந்த நடுக்கம்தான். தைரோயிட்டுக்கும் இதுதான். சீனி இறங்கினாலும் இதுதான். எது என்று பிரித்துச் சொல்ல அந்தப் போனை விட்டால் வேறு ஆளில்லை.

எழுபத்திரண்டு. அம்பு இன்னும் கீழேதான். திரை கறுத்துப்போனது.

"எங்கட குடும்பத்தில நோய் நொடி எண்டு ஒண்டும் இல்ல," டெல்ஃபின் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்கட பக்கம்?"

"கர்த்தர் புண்ணியத்தில தடிமன் காய்ச்சல்கூட வாறதில்ல," என்றாள் மம்மி.

குரல்கள் தூரத்தில் கேட்டன. நெற்றி வியர்த்தது. இனிப் பொறுத்தால் விழுந்துவிடுவோம் என்று றஷ்மிக்குத் தெரிந்தது. தேத்தண்ணித் தட்டிலிருந்த சீனிப் பாத்திரத்தை எடுத்தாள். ஒரு கரண்டியை வாயில் கொட்டினாள். இன்னொன்று.

"றஷ்மி!" மம்மியின் குரல் கீச்சிட்டது.

"எனக்கு டயபிட்டீஸ், அன்ரி," என்றாள் வாயில் சீனியோடு. "சின்ன வயசில இருந்து இன்சுலின் போடுறனான். தைரோயிட்டும் இருக்கு. இப்ப சீனி இறங்குது. எவ்வளவு எண்டு பார்க்கத்தான் சார்ஜர் கேட்டனான்."



டெல்ஃபின் எழுந்து ஹேண்ட்பேக்கைத் தோளில் கொழுவினாள்.

"வருத்தக்காரப் பிள்ளையைச் சோடிச்சு இருத்திப்போட்டு ஆரை ஏமாத்தப் பார்த்தனீங்கள்? மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையா உங்களுக்கு? மெல்ரோய், எழும்பு. போவம்."

மம்மி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். டடி நிலத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அது அடித்தது. இடைவிடாமல், கூர்மையாக. நித்திரையிலும் றஷ்மியை எழுப்பிவிடும் அதே அலாரம்.

எல்லோரும் அவள் மடியிலிருந்த போனைப் பார்த்தார்கள். அது கறுத்துக் கிடந்தது.

சத்தம் டெல்ஃபினின் ஹேண்ட்பேக்குக்குள்ளிருந்து வந்தது. அவள் அதை அக்குளுக்குள் வைத்து அமுக்கினாள். அது நிற்கவில்லை.

மெல்ரோய் கதிரையை விட்டு எழும்பவில்லை. றஷ்மியின் முன்னாலிருந்த சீனிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"என்ட போனைத் தாங்கோ மம்மி," என்றான். "எனக்கும் இறங்குது."